கப்பல் உட்கார்ந்த புதன்கிழமை

அத்தியாயம் ஆறு

கடற்பறவை எச்சம் போட்டதால் ஒரு கடற்படைக் கப்பல் தரை தட்டியது என்று அரசாங்கக் காகிதத்தில் எழுதியிருந்தது. கீழே முத்திரையும் இருந்தது. அறுபத்தெட்டு வயதுக்குள் நான் எத்தனையோ கதை அளந்திருக்கிறேன். முத்திரை போட்டு அளந்ததில்லை.

படகின் முன்பக்கம் உட்கார்ந்து அந்தக் காகிதத்தை மூன்றாம் முறையாகப் படித்துக்கொண்டிருந்தவள் இன்ஸ்பெக்டர் உனைசி. பின்னால் சுக்கானைப் பிடித்தவன் நான், செவுலோனி. போலீஸ் படகோட்டி வேலையிலிருந்து ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகிறது. அந்தச் செய்தியை எஞ்சினுக்கு யாரும் சொல்லவில்லை. வேறு யார் கயிறு இழுத்தாலும் அது இருமிவிட்டுப் படுத்துக்கொள்ளும். ஆகவே உனைசி எங்கே போனாலும் என்னையும் சுமந்து போக வேண்டியிருக்கிறது.

அவள் என் அத்தை மகள். எங்கள் தீவுகளில் அத்தை மகளும் மாமன் மகனும் ஒருவரை ஒருவர் எவ்வளவு மட்டமாகப் பேசினாலும் யாரும் கேட்க மாட்டார்கள். பேசாமல் இருந்தால்தான் என்ன சண்டை என்று விசாரிப்பார்கள். முந்தின நாள் மாலை அவள் என் வீட்டு முன்னால் வந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மச்சான், உங்க அம்மா நமேலோக்காரங்கதானே?"

ஆமாம் என்றேன். அப்படியானால் கிளம்பு என்றாள். படகு ஓட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். நான் அவ்வளவு அப்பாவி.

நமேலோ தீவு கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் மூக்குக்குத் தெரிந்துவிட்டது. டீசல், செத்த மீன், வெயிலில் அழுகும் பவளம் எல்லாம் கலந்த நாற்றம். அது எவ்வளவு கெட்டியாக இருந்தது என்றால், நங்கூரம் போடாமல் அதிலேயே படகைக் கட்டியிருக்கலாம். உனைசி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வழக்கைச் சொன்னாள்.

'தாகியா' என்கிற ரோந்துக் கப்பல் வியாழக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு நமேலோவின் பவளத்திட்டில் ஏறிவிட்டது. கப்பலின் கேப்டன் மெசாகே. திட்டுக்கு நடுவே கப்பல் நுழையும் வாய்க்காலில் இரும்புக் கம்பத்தின் மேல் ஒரு விளக்கு உண்டு. வெயிலைக் குடித்து இரவில் எரிகிற விளக்கு. அதன் தகட்டைப் பறவை எச்சம் மூடிவிட்டதாம். விளக்கு அணைந்துவிட்டதாம். அதைத் துடைத்து வைக்க வேண்டிய காவல்காரர் இலைதியா குற்றத்தை ஒப்புக்கொண்டுவிட்டாராம். மதியம் இரண்டு மணிக்கு விசாரணைக் குழு கூடி அதைப் பதிவு செய்யும். மூன்று மணிக்கு வரும் தபால் படகில் அவரைத் தலைநகருக்கு ஏற்ற வேண்டும். கைதுக் காகிதத்தில் உனைசி கையெழுத்துப் போட்டால் போதும்.

"எத்தன வருஷம் போடுவாங்க?" என்றேன்.

"ஏழு. அவருக்கு இப்பவே எழுபத்தொண்ணு."

எஞ்சினைக் குறைத்தேன். இலைதியா என் தாய்மாமன். இருபத்திரண்டு வருஷமாக அந்த விளக்கு ஒரு இரவுகூட அணைந்ததில்லை. புயலடித்து வீட்டுக் கூரை போன அன்று, கூரையைத் தேடுவதற்கு முன்னால் விளக்கைத் துடைக்கப் போன மனுஷர். கேப்டன் மெசாகேயும் எனக்கு அந்நியன் இல்லை. என் சின்னம்மா மகன், தம்பி முறை; இலைதியா அவனுக்கும் தாய்மாமன்தான். குடும்பத்தில் ஒருவன் கேப்டன் ஆகிவிட்டான் என்று நாங்கள் பெருமைப்பட்ட ஒரு வாரம் இருந்தது.

முதலில் விளக்குக் கம்பத்துக்குப் போனோம். கரையிலிருந்து அரை மைல். உனைசி பெரிய உடம்புக்காரி. ஏணியில் ஏற மாட்டாள். என்னை ஏறச் சொன்னாள். இந்த வயதில் மனிதக் கழிவு, பறவைக் கழிவு எதற்கும் நான் அஞ்சுவதில்லை என்றாலும், அந்தத் தகட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். யாரோ வெண்ணெய் தடவுவது போல ஓரம் வரை ஒழுங்காகத் தடவியிருந்தார்கள். நடுவில் விரல் தடம்கூட இருந்தது. கொஞ்சம் சுரண்டிக் கீழே உனைசியிடம் நீட்டினேன்.

"ஒண்ணு சொல்லு மச்சான். கடல்பறவை என்ன திங்கும்?"

"மீன்."

"தேங்காத்துருவல்?"

அப்போதுதான் கவனித்தேன். எச்சத்துக்குள் தேங்காய்த்துருவல் தும்பு தும்பாகக் கிடந்தது. ஓரத்தில் சின்னதாக ஒரு இறகு ஒட்டியிருந்தது. செங்கல் நிறம். நாற்பது வருஷம் கோழி வளர்த்தவன் நான். அது கோழியின் எந்தப் பாகத்து இறகு என்றுகூட என்னால் சொல்ல முடியும். சபை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன்.

அந்த இறகை அவள் தீப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தினாள். பிறகு ஏணியில் என் கால் படிந்த அடையாளத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எச்சம் இவ்வளவு தூரம் எதில் வந்தது என்பது அவளை அரித்தது. ஓடத்தில் வைத்துக் கொண்டுவந்திருந்தால் ஊரே பார்த்திருக்கும். கையில் அள்ளிக்கொண்டு நீந்த முடியாது. அதற்கு விடை கிடைக்காமலே கப்பலுக்குத் திருப்பச் சொன்னாள்.

நீர் வற்றியிருந்தது. கப்பலைச் சுற்றி முழங்கால் ஆழத்தில் நடந்தோம். தண்ணீரின் மேல் டீசல் வானவில் நிறத்தில் மினுங்கியது. காலில் தட்டுப்பட்டதெல்லாம் வயிறு ஊதிய கிளிமீன். இரண்டு கடற்படைப் பையன்கள் மேல்தளத்திலிருந்து எச்சில் தட்டுகளை அப்படியே கடலில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். அது ஊர்க்காரர்கள் நூறு வருஷமாக நண்டு பிடித்த இடம். உனைசி நின்று அவர்களை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு கால்சட்டையில் ஒட்டிய கருப்பு எண்ணெயைச் சுண்டிவிட்டாள்.

"மூக்கப் பாரு," என்றாள்.

கப்பலின் முன்பக்கம் பளபளவென்று இருந்தது. ஒரு கீறல் இல்லை. அதற்கு முன்னால் இருந்த பவளம் பூப்போல அப்படியே நின்றது. பின்பக்கம் போனால் பார்க்கச் சகிக்கவில்லை. கப்பலைத் தள்ளும் விசிறிகள் பவளத்தைத் தோண்டிக் குழியாக்கியிருந்தன. அடித்தகடு கிழிந்து அங்கிருந்துதான் டீசல் ஒழுகியது. முன்னால் வந்து மோதின கப்பலுக்கு முதுகில் காயம்.

"விளக்கு வாய்க்கால் அரை மைலுக்கு அந்தப் பக்கம் இருக்கு. இது ஓடங்க ஒதுங்குற துறை. இங்க எப்பிடி வந்தான் உன் தம்பி?" என்றாள் உனைசி.

"தம்பின்னு சொல்லாத. ரெண்டு நாளா நான் ஒத்தப் பிள்ளை."

"மோதின கப்பல் இல்ல மச்சான் இது. உக்காந்த கப்பல். நிறைஞ்ச ஏத்தத்துல மெதுவா உள்ள வந்து நின்னிருக்கான். தண்ணி இறங்கினதும் கோழி அடைகாக்க உக்கார்ற மாதிரி உக்காந்துட்டுது. இந்த மாசத்துல ராத்திரி ஏத்தம் சின்னது. அது தூக்காம, பின்னால போறேன்னு எஞ்சினை முறுக்கிக் கிழிச்சிட்டான். அதுதான் மூணு மணி."

புத்தியுள்ள மாலுமி நீர் வற்றுவதற்குள் கிளம்பியிருப்பானே என்றேன். அதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு அவள் கரையேறினாள்.

தூறல் பிடித்துக்கொண்டது. ஊரில் பூட்டு என்று ஒன்று இல்லாததால் கைதியை ஈரப்பலா மரத்தடியில் உட்கார வைத்திருந்தார்கள். இலைதியா மாமா நனைந்துகொண்டே உட்கார்ந்திருந்தார். கையில் அவருடைய கருப்புக் குடை, மடக்கி வார் போட்டபடி. முதன்முதல் சம்பளத்தில் வாங்கிய குடை அது. எங்கள் குடும்பத்தில் அதற்குப் பல பேரை விட மரியாதை அதிகம்.

குடையை விரிக்கலாமே ஐயா என்றாள் உனைசி.

"நல்ல குடைம்மா. மழைல நனைஞ்சா வீணாப் போயிடும்," என்றார்.

விளக்கு நிஜமாகவே அணைந்ததா என்று நான் கேட்டேன். ஆமாம் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது. இருபத்திரண்டு வருஷமாகத் தேய்த்துத் தேய்த்து வைத்த விளக்கைப் பற்றி அப்படிச் சொல்லும்போது அவர் உதடு கோணிக்கொண்டது, கெட்டுப்போன எதையோ வாயில் போட்டுக்கொண்டவர் போல. மேலே எதுவும் கேட்காதே மருமகனே என்று மட்டும் சொன்னார்.

அவர் வீட்டுப் பின்பக்கம் மூன்று சிவப்புக் கோழிகள் தேங்காய்த்துருவல் கொத்திக்கொண்டிருந்தன. உனைசி தீப்பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினாள். தன் விளக்கின் மேல் தானே கோழிப்பீயைத் தடவியவர் யார் என்பதில் இனி சந்தேகம் இல்லை. ஏன் என்பதுதான் மிச்சம்.

கோழிகளுக்கு அப்பால் பன்றிப்பட்டி. வேலி நன்றாக இருந்தது. சேறு ஈரமாக இருந்தது. பன்றி மட்டும் இல்லை.

மாமாவின் மனைவி லிதியானா அத்தை, சடங்குகளில் எல்லோரும் குடிக்கும் யங்கோனா வேர்ச்சாறு கரைக்கிற பெரிய மரக்கிண்ணத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பன்றிகள் எங்கே என்று உனைசி கேட்டதற்கு, எந்தப் பன்றி என்று கேட்டாள். ஆறு இருந்ததாம். இப்போது இல்லையாம். காணாமல் போனதா, இல்லை. விற்றதா, இல்லை. விருந்து உண்டா, இல்லை. புகார் கொடுக்கிறீர்களா என்றால், எதற்குப் புகார் என்கிறாள். கிண்ணத்தைத் தேய்ப்பதை நிறுத்தவேயில்லை.

வேலிக்கம்பியில் வேர்ச்சாறு வடிகட்டுகிற நார் மூன்று கொத்துக் காய்ந்துகொண்டிருந்தது. ஊரே கூடிக் குடித்தாலும் ஒரு கொத்து போதும். உனைசி என்னைப் பார்த்தாள். நான் நாரைப் பார்த்தேன்.

"யாராச்சும் செத்தாங்களா அத்தை?" என்றேன்.

இல்லை என்றாள்.

"கல்யாணம்?"

அதுவும் இல்லை. அப்போது அவள் கண் ஒரு நொடி கடல் பக்கம் போய் வந்தது. நார் நனைந்த நாள் எது என்றேன். புதன்கிழமை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டுக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து உள்ளே போய்விட்டாள்.

ஆறு பன்றி போயும் புகார் இல்லாத திருட்டு ஒன்றுதான் எங்கள் தீவுகளில் உண்டு. அதற்குப் பெயர் மருமகன். நமேலோப் பெண் வயிற்றில் பிறந்தவன் நமேலோவில் கால் வைத்தால் கண்ணில் பட்டது அவனுடையது. கேட்டால் தாய்மாமன் கொடுத்தாக வேண்டும். கேட்காமல் எடுத்தாலும் முகம் சுளிக்கக் கூடாது. சுளித்தால் ஊருக்கே அவமானம். நல்ல மருமகன்கள் வாழ்நாளில் ஒரு பாயோ ஒரு கிழங்குக் கூடையோ எடுத்து, மாமன் மனசு குளிர வைத்துவிட்டுப் போவார்கள். நான் இருபது வயதில் ஒரு சேவல் எடுத்தேன். அது என்னைக் கொத்திவிட்டது. அதன்பின் எதுவும் எடுத்ததில்லை.

"அரசாங்கக் கப்பலக் கொண்டாந்து பன்னி ஏத்தியிருக்கான்," என்றாள் உனைசி. சொல்லும்போதே துப்பினாள்.

மிச்சம் எனக்கே விளங்கிவிட்டது. மருமகன் வந்தால் கிண்ணம் வைப்பார்கள். கிண்ணம் காலியாகாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. பன்றி கொடுத்த ஊர் பதிலுக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்கும், கூட உட்கார்ந்து குடி என்று. மூன்று கொத்து நார் அளவுக்கு உட்கார்ந்திருக்கிறான். வெளியே கடல் வற்றி, எழுந்து போய்க்கொண்டிருந்தது. பார்க்கத் தெரிந்தவன் கேப்டன் மட்டும்தான். எழுந்திருக்கக் கூடாதவனும் அவன்தான்.

மாங்குரோவ் சேற்றுப் பக்கம் நாய்கள் கூடியிருந்தன. அங்கே கரை ஒதுங்கியிருந்ததை விவரிக்க மாட்டேன். கப்பல் எடையைக் குறைக்க ஆறு பன்றிகளையும் கால்கட்டோடு கடலில் தள்ளியிருக்கிறார்கள். ஐந்து, டீசலில் ஊறிப் பீப்பாய் போல மிதந்தன. ஆறாவது எப்படியோ கட்டை அறுத்துக்கொண்டு நீந்தி வந்து வேர்களுக்கு நடுவே கண் சிவந்து நின்றது. மாமாவின் பெரிய பெண்பன்றி. யாரையும் மேலிருந்து கீழாகப் பார்க்கும் என்பதால் அதற்கு டீச்சர் என்று பெயர். பின்காலில் வெள்ளைக் கயிறு தொங்கியது. நடுவே நீல இழை. கடற்படைக் கயிறு.

டீச்சரை நான் தூக்கவில்லை, டீச்சர்தான் என்னைத் தூக்கியது என்று உனைசி பிற்பாடு சொல்லித் திரிகிறாள். எப்படியானாலும் இரண்டு மணிக்கு நாங்கள் மூவரும் சபைக்கூடத்தில் இருந்தோம்.

கூடத்தில் ஊர் பாயில் உட்கார்ந்திருந்தது. விசாரணைக் குழு கப்பலிலிருந்து தூக்கி வந்த நாற்காலிகளில் இருந்தது. தலைவர் கமாண்டர் தலேமோ டப்பா மாட்டிறைச்சியை பிஸ்கட்டில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். நாற்றம் தாங்காமல் பக்கத்தில் ஊதுபத்தி ஏற்றச் சொல்லியிருந்தார். ஓரத்தில் மெசாகே, இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில். மாமா நடுவே பாயில், முழங்கால்களுக்கிடையே மடக்கிய குடையோடு.

உனைசி தீப்பெட்டியைத் திறந்து இறகைக் காட்டினாள். இது வீட்டுக்கோழி இறகு, அரை மைல் கடலைத் தாண்டி விளக்கின் மேல் எப்படி வந்தது என்று கேட்டாள்.

"பறந்து போச்சு," என்றார் மாமா.

கமாண்டர் எழுதிக்கொண்டார். கோழி பறந்தது. நான் கண்ணால் பார்த்தேன், அந்த இரண்டு சொல்லையும் அவர் கோணாமல் எழுதினார்.

கப்பலின் பின்பக்கம் கிழிந்த கதையைச் சொன்னாள். அலை திருப்பிப் போட்டிருக்கும் என்றார் கமாண்டர். கடற்படைக் கயிற்றைக் காட்டினாள். கடலில் என்னென்னவோ மிதந்து வரும் என்றார். டீச்சரைக் காட்டினாள். டீச்சர் கூடத்தின் நடுவே எண்ணெய் சொட்ட நின்று கமாண்டரை மேலிருந்து கீழாகப் பார்த்தது. பன்றிகள் நீந்தும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே என்றார் கமாண்டர். அதையும் எழுதினார். பிறகு பிஸ்கட் துகளைத் தட்டிவிட்டு, காவல்காரர் ஒப்புக்கொண்ட பிறகு இதெல்லாம் எதற்கு இன்ஸ்பெக்டர், கையெழுத்தைப் போடுங்கள், படகு வந்துவிடும் என்றார்.

மெசாகே என்னைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பற்றி நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

காலையிலிருந்து சேர்த்த அத்தனை துப்பும் அரை மணியில் போய்விட்டது. நான் உனைசியைப் பார்த்தேன். அவள் கவலைப்பட்டதாகவே தெரியவில்லை. தீப்பெட்டியை மூடிப் பையில் வைத்தாள்.

"துப்பு வச்சி இங்க ஒண்ணும் நடக்காதுன்னு நேத்தே தெரியும் மச்சான். அவரு வாயில இருந்து வரணும். நான் கேட்டா வராது. எனக்கு இந்த ஊர்ல உரிமை கிடையாது," என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "படகு ஓட்டவா உன்னக் கூப்பிட்டேன்? அந்த எஞ்சினை நானே இழுப்பேன்," என்றாள்.

எட்டு வருஷப் பெருமை ஒரு நொடியில் போனது. ஆனால் யோசிக்க நேரமில்லை.

நான் எழுந்து போய் மாமாவுக்கு எதிரே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். உள்ளங்கைகளைக் குவித்து மூன்று முறை மெதுவாகத் தட்டினேன். அந்தச் சத்தம் கேட்டதும் கூடம் அடங்கிவிட்டது. பெண்கள் குனிந்துகொண்டார்கள். கமாண்டரும் எங்கள் ஆள்தானே, கை தன்னால் தொப்பியைக் கழற்றியது. மருமகன் கேட்கிற நேரத்தில் நாற்காலியில் உட்காரக் கூடாது. குழுவின் மூன்று பேரும் முனகிக்கொண்டே பாயில் இறங்கினார்கள்.

"மாமா, உங்க அக்கா மகன் கேக்குறேன். இந்த ஊர்ல இதுவரைக்கும் ஒரு சேவலத் தவிர நான் எதுவும் எடுத்ததில்ல."

"ஆமாப்பா. அதுவும் நொண்டிச் சேவல்," என்றார் மாமா. என்ன கேட்கப் போகிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"இன்னிக்கு ஒண்ணு எடுத்துக்கிறேன். எனக்கு புதன்கிழமை வேணும். முழுசா."

மெசாகே எழப் பார்த்தான். பக்கத்திலிருந்த கிழவர்கள் இரண்டு பேர் அவன் சட்டைநுனியைப் பிடித்து உட்கார வைத்தார்கள். மடிப்புக் கலைந்தது.

மாமா குடைப்பிடியைத் தடவினார்.

"அவனும் மருமகன்தானேப்பா," என்றார்.

"அவன் கேட்டதக் குடுத்துட்டீங்க. நான் கேக்குறதையும் குடுங்க."

கொடுத்தார். புதன்கிழமையை மணி மணியாக எடுத்து என் முன்னால் வைத்தார். மத்தியானம் ஏற்றம் நிறைந்தபோது கப்பல் ஓடத்துறைக்குள் வந்தது. ஆறு பன்றியைக் கேட்டான். கட்டி ஏற்றினார்கள். கிண்ணம் வைத்தார்கள். மூன்று முறை நார் மாற்றினார்கள். கடைசிக் கிண்ணம் காலியாகும்போது பொழுது சாய்ந்திருந்தது, கப்பல் சாய்ந்திருந்தது. ராத்திரி முழுக்க விளக்கு அந்தப் பக்கம் எரிந்துகொண்டிருந்தது. அதைச் சொல்லும்போது மட்டும் மாமா தலை நிமிர்ந்தார். கொசுறாக வியாழன் விடியற்காலையையும் கொடுத்தார். கப்பலைக் கிழித்துக்கொண்ட பிறகு மெசாகே இருட்டில் கரைக்கு நடந்து வந்து, இன்னும் ஒன்று வேண்டும் மாமா என்றானாம்.

"என்ன கேட்டான்?"

"என் பேரு," என்றார் மாமா. "விளக்கு அணைஞ்சிருச்சுன்னு சொல்லுங்கன்னான். மருமகன் கேட்டா குடுக்கணும்ல. குடுத்துட்டேன்."

கூடத்தில் யாரோ ஒருத்தி வாந்தி எடுக்க வெளியே போனாள். டீசல் நாற்றம் என்று வைத்துக்கொள்ளலாம்.

பன்றிகள் யார் வீட்டு விருந்துக்கு என்று உனைசி கேட்டாள். அதைக் கேட்க உனக்கு உரிமை இல்லையம்மா என்றார் மாமா, மரியாதையாக.

"மாமா, அதுவும் புதன்கிழமைலதானே இருக்கு?" என்றேன்.

அவர் மடக்கிய குடையை உயர்த்தி அதன் நுனியால் காட்டினார். நுனி போய் நின்ற இடத்தில் கமாண்டர் தலேமோ இருந்தார். பாதி பிஸ்கட் இன்னும் அவர் வாயில் இருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அவர் அதை வைத்துக்கொண்டிருந்த அழகை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். புதுவீடு புகுவிழா, அடுத்த சனிக்கிழமை என்று மாமா சொல்லி முடித்தார்.

கைதுக் காகிதத்தில் உனைசி கையெழுத்துப் போட்டாள். பெயர் எழுதியிருந்த இடத்தை மட்டும் அடித்துவிட்டு வேறு பெயர் எழுதினாள். குழுவில் மிச்சமிருந்த இரண்டு பேரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். கமாண்டரைப் பற்றித் தனியாக ஒரு காகிதம் எழுதினாள். அதில் கோழி பறந்த விஷயத்தையும் சேர்த்தாள்.

மூன்று மணிக்குத் தபால் படகு வந்தபோது மழை வலுத்திருந்தது. மெசாகேயின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறை வரைக்கும் வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? இலைதியா மாமாதான். வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. வேகவைத்த சேப்பங்கிழங்கு ஒரு பொட்டலம்கூட லிதியானா அத்தை கட்டிக் கொடுத்திருந்தாள். மெசாகே இரண்டையும் வாங்கிக்கொண்டான். படகில் கால் வைத்தவன் வானத்தைப் பார்த்தான். பிறகு மாமாவின் கையைப் பார்த்தான்.

"மாமா, அந்தக் குடை," என்றான்.

எங்கள் இரண்டு பேருக்கும் அதே உரிமைதான். முந்தியது அவன் வாய். மாமாவின் கை ஏற்கெனவே நீண்டுகொண்டிருந்தது.

உனைசி நடுவே புகுந்து குடையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இது சாட்சிப்பொருள். போலீஸ் வசம் இருக்கும்," என்றாள்.

படகு அவனை நனைத்துக்கொண்டே போனது. விளக்குக் கம்பத்தைத் தாண்டி அது மறையும் வரை நாங்கள் மூவரும் நின்றோம். குடையை எப்படிச் சாட்சி ஆக்கினாய் என்று கேட்டேன். வாயில் வந்தது, சொன்னேன், இன்றைக்கு நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்றாள். அவள் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. மாமா நனைகிறாரே என்று வாரை அவிழ்த்தாள்.

"விரிக்காதம்மா," என்றார் மாமா. "இன்னும் கழுவல."

அதற்குள் அவள் தலைக்கு மேல் பிடித்து விரித்துவிட்டாள்.

அரை மைல் கடலைத் தாண்டி எச்சம் எதில் போனது என்பது அப்போதுதான் விளங்கியது. விளக்கில் தடவியது போக மிச்சம் கால்படி இருக்கும். அது முழுக்க, இரண்டு செங்கல் நிற இறகோடும் தேங்காய்த்துருவலோடும், மாவட்ட இன்ஸ்பெக்டர் உனைசியின் தலையில் இறங்கித் தோளில் தங்கியது.

நான் அவள் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்துத் திறந்து நீட்டினேன். அவள் அன்று சொன்ன ஒரே பொய்யும் உண்மையாகப் போய்விட்டிருந்தது.